வீடியோவிலிருந்து குரலை மட்டும் எடுத்து எம்பி3 ஆக்குவது எப்படி?

எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டு ஒன்று என் போனில் வீடியோவாக இருந்தது. தங்கை மகனை முதன்முதலில் தொட்டிலில் போட்ட அன்று எடுத்தது. ஏழு நிமிடம் இருபது வினாடி ஓடும். அப்பத்தா போன பிறகு அம்மா அதை அடிக்கடி கேட்க ஆசைப்பட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் என்னிடம் போனை வாங்கி, ஆயிரம் படங்களுக்கு நடுவே அதைத் தேடி, திரை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. "அடுப்படியில் இருக்கிற பெட்டியில் இது பாடாதா?" என்று ஒருநாள் கேட்டார். பென் டிரைவ் செருகிப் பாட்டுக் கேட்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியைத்தான் சொன்னார். வீடியோவை அப்படியே பென் டிரைவில் போட்டுச் செருகினேன். பெட்டியில் சத்தமே வரவில்லை.

அதைப் பாட வைக்க நான் கற்றுக்கொண்டதும், பிறகு சொந்தக்காரர்கள் வீட்டுப் பழைய கல்யாண சிடிக்களில் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறக்கவும் சேமிக்கவும் தெரிந்தால் போதும். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

பெட்டி ஏன் பாடவில்லை?

வீடியோ ஃபைலை ஒரு டிபன் கேரியர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கில் படம், இன்னொன்றில் ஒலி, சில சமயம் மூன்றாவது அடுக்கில் சப்டைட்டில். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, வெப்எம் என்பதெல்லாம் கேரியரின் பெயர்கள். உள்ளே ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். இப்போதைய போன்களில் எடுக்கும் எம்பி4 வீடியோவுக்குள் பெரும்பாலும் ஏஏசி என்ற முறையில்தான் ஒலி இருக்கும். பழைய பட்டன் போன்களில் எடுத்த, பெயர் '3ஜிபி' என்று முடியும் ஃபைல்களில் ஏஎம்ஆர் என்ற, பேச்சுக்காகவே உருவான, மிகவும் ஒல்லியான ஒலி இருக்கும்.

விலை குறைந்த ஸ்பீக்கர் பெட்டிக்குக் கேரியரைத் திறக்கத் தெரியாது. எம்பி3 என்ற ஒரு வகையைத்தான் அதற்கு நன்றாகத் தெரியும். அதனால் நாம் செய்ய வேண்டியது இரண்டு: ஒலி அடுக்கைத் தனியே எடுப்பது, அதை எம்பி3 ஆக மாற்றுவது.

ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் எம்பி4 என்பதை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சாம்பார் கேரியரில் ரசம் என்று எழுதி ஒட்டுவது போலத்தான் அது. சில போன்கள் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துப் பாடிவிடும். அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நம்பிவிடுவோம். பெட்டி ஏமாறாது.

ஏன் எம்பி3? ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் முக்கியப் பகுதி உருவான இந்த முறைக்கு, ஃபைல் பெயரின் வாலாக 'எம்பி3' என்பதை அங்கிருந்தவர்கள் முடிவு செய்தது 1995 ஜூலையில். அதற்குப் பிறகு வந்த ஏஏசி, ஓபஸ் இரண்டும் அதே அளவில் இன்னும் தெளிவான ஒலி தருபவை. அதில் சந்தேகமில்லை. ஆனால் கார் ஸ்டீரியோ, கோயில் மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபயர், இருபது வருடத்துக்கு முந்தைய டிவிடி பிளேயர் என்று எதில் செருகினாலும் பாடக்கூடியது எம்பி3 ஒன்றுதான். அதன் காப்புரிமை உரிமத் திட்டமும் 2017 ஏப்ரலில் முடிந்துவிட்டது. இலவச மென்பொருள்கள் தயக்கமில்லாமல் அதைச் சேர்த்துக்கொள்கின்றன. கேட்பதற்கு எம்பி3, பாதுகாத்து வைப்பதற்கு மூல வீடியோ. நான் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது.

முதலில் நல்ல மூலம் வேண்டும்

மாற்றும் வேலையில் ஒலியின் தரம் ஏறாது. கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால் கிடைப்பதில் சிறந்த ஃபைலிலிருந்து தொடங்குங்கள். வீடியோ வாட்ஸ்அப்பில் வந்திருந்தால், அதை முதலில் எடுத்தவர் யார் என்று விசாரியுங்கள். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும் வீடியோ சுருக்கப்பட்டுத்தான் வரும். எடுத்தவரிடம் அசல் இருந்தால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் ஃபைல் அப்படியே வரும். உங்கள் போனிலேயே இருக்கிறதென்றால் யுஎஸ்பி கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துவிடுங்கள்.

காப்பி எடுத்த ஃபைலுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட சின்னப் பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மாற்றும் மென்பொருளும் பழைய பிளேயர்களும் மேற்கோள் குறி, அடைப்புக்குறி, பிறமொழி எழுத்துகளில் சில சமயம் தடுக்கி விழுகின்றன. ஃபோல்டருக்கு வேண்டுமானால் பிறகு தமிழில் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது நம் வீட்டு வீடியோக்களை, நாம் எடுத்த பதிவுகளைப் பற்றி. யூடியூப் பாட்டை அனுமதியில்லாமல் இறக்கி மாற்றுவது அவர்கள் விதிகளுக்கு எதிரானது. பாடியவருக்கும் அதில் உரிமை இருக்கிறது.

விஎல்சியில் மாற்றும் வழி

விஎல்சி மீடியா பிளேயர் பலருடைய கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும். 1996இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது அது. இலவசம், விளம்பரம் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், அதை உருவாக்கும் வீடியோலான் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடினால் விஎல்சியின் ஆரஞ்சு கூம்புப் படத்தோடு வேறு தளங்களும் வரும், அவை வேண்டாம். படம் பார்க்கத்தான் இதைப் பயன்படுத்துகிறோம். மாற்றித் தரும் வேலையும் அதற்குத் தெரியும். விண்டோஸில் வழி இது:

1. விஎல்சியைத் திறந்து மேலே 'மீடியா' மெனுவில் 'கன்வர்ட் / சேவ்' என்பதை அழுத்துங்கள். கன்ட்ரோல் கீயோடு ஆர் அழுத்தினாலும் அதே ஜன்னல் வரும்.

2. 'ஆட்' பொத்தானை அழுத்தி வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். கீழே இருக்கும் 'கன்வர்ட் / சேவ்' பொத்தானை அழுத்துங்கள்.

3. அடுத்த ஜன்னலில் 'புரொஃபைல்' என்ற இடத்தில் பட்டியல் விரியும். அதில் 'ஆடியோ - எம்பி3' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலின் கடைசிப் பக்கமாக இருக்கும், கொஞ்சம் இறங்கிப் பாருங்கள்.

4. அதன் பக்கத்தில் ஸ்பேனர் படம் போட்ட பொத்தான் இருக்கும். அழுத்தினால் 'ஆடியோ கோடெக்' என்ற பகுதியில் பிட்ரேட், சேனல், சாம்பிள் ரேட் மூன்றும் தெரியும். என்ன எண் போடுவது என்பதைக் கீழே சொல்கிறேன். முதல் முறை என்றால் எதையும் தொடாமலே விடலாம்.

5. 'டெஸ்டினேஷன் ஃபைல்' என்ற இடத்தில் 'பிரவுஸ்' அழுத்தி, எங்கே சேமிப்பது என்று காட்டுங்கள். ஃபைலுக்குப் புதுப் பெயர் கொடுங்கள். பெயரின் முடிவில் புள்ளி வைத்து எம்பி3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஆங்கிலத்தில் அடித்துவிடுங்கள்.

6. 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். படம் எதுவும் தெரியாது, சத்தமும் வராது. கீழே இருக்கும் கோடு மட்டும் நகரும். அது ஓடி முடிந்து பழைய இடத்துக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது.

ஐந்தாவது படியில்தான் கவனம் வேண்டும். சேமிக்கும் இடத்தைக் காட்டும்போது பழக்கத்தில் மூல வீடியோவின் மேலேயே அழுத்திவிட்டால், விஎல்சி அந்த வீடியோவின் மேலேயே எழுதத் தொடங்கும். எங்கள் சித்தப்பாவின் மணிவிழா வீடியோ ஒன்றை அப்படித்தான் இழந்தேன். வேறொருவரிடம் பிரதி இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து மூல வீடியோக்களுக்கு ஒரு ஃபோல்டர், எம்பி3க்கு வேறொரு ஃபோல்டர் என்று பிரித்துத்தான் வேலையைத் தொடங்குகிறேன். அதோடு, இன்னொரு டிரைவில் ஒரு பிரதி இல்லாமல் எந்த வீடியோவையும் தொடுவதில்லை.

முடிந்ததும் இரண்டு விஷயம் சரிபாருங்கள். ஒன்று, நீளம்: வீடியோ ஏழு நிமிடம் இருபது வினாடி என்றால் எம்பி3யும் அவ்வளவு ஓட வேண்டும். இரண்டு, அளவு. 128 கிலோபிட் எம்பி3 என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1 மெகாபைட் வரும். அப்பத்தாவின் தாலாட்டு 7 மெகாபைட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உங்கள் ஃபைல் வெறும் சில கிலோபைட்டாக இருந்தால் மாற்றம் நடுவில் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஃபைல் பெயரைச் சின்னதாக்கி, நேராக டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு மறுபடி செய்து பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேக் கம்ப்யூட்டர் என்றால் விஎல்சியில் 'ஃபைல்' மெனுவில் 'கன்வர்ட் / ஸ்ட்ரீம்' என்று இருக்கும். மற்றதெல்லாம் ஏறக்குறைய இதேதான். மேக்கோடு வரும் குயிக்டைமில் 'எக்ஸ்போர்ட் அஸ்' போய் 'ஆடியோ ஒன்லி' கொடுத்தாலும் ஒலி தனியாக வரும். ஆனால் எம்4ஏ ஆக வரும், எம்பி3 ஆக அல்ல. பெட்டிக்கு அது உதவாது.

என்ன எண் போடுவது?

பிட்ரேட் என்பது ஒரு வினாடி ஒலியைச் சொல்ல எத்தனை பிட் செலவழிக்கிறோம் என்பது. எம்பி3யில் வினாடிக்கு 320 கிலோபிட் வரை போகலாம். ஏற்ற வேண்டியதுதானே என்று முதலில் எல்லாவற்றையும் 320இல் வைத்தேன். அது வீண். போனில் பதிவானபோதே சுருங்கிவிட்ட ஒலியை எவ்வளவு பெரிய ஃபைலில் போட்டாலும் போனது திரும்பி வராது. ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போன்றது இந்த மாற்றம். காகிதம் பெரியதாக இருப்பதால் எழுத்து தெளிவாகிவிடுவதில்லை.

பேச்சு, சொற்பொழிவு, பக்கவாத்தியம் இல்லாத ஒற்றைக் குரல் என்றால் மோனோவில், அதாவது ஒரே சேனலில், 64 போதும். ஒரு மணி நேரம் 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். தாலாட்டுக்கு நான் ஸ்டீரியோவில், அதாவது இடது வலது என்று இரண்டு சேனலில், 128 வைத்தேன். பின்னால் தொட்டில் கம்பி கிரீச்சிடுவது, யாரோ சிரிப்பது எல்லாம் அதில் இருக்கிறது. அதுவும் வேண்டும் என்று தோன்றியது. நாதஸ்வரம், தவில், பஜனை என்றால் 192. ஜால்ரா, தவில் மாதிரி சடாரென்று எழும் சத்தங்களைத்தான் எம்பி3 குறைந்த பிட்ரேட்டில் குழப்பிவிடும், நுனியில் ஒரு தண்ணீர்க் கொப்பளிப்பு போலக் கேட்கும். 192இல் அது ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

பிட்ரேட்டை ஒரே அளவில் வைப்பது, இடத்துக்கு இடம் ஏற்றி இறக்குவது என்று இரண்டு முறை உண்டு. சில மென்பொருள்கள் எது வேண்டும் என்று கேட்கும். இரண்டாவது சிக்கனமானது. ஆனால் பழைய பெட்டிகள் அதில் நேரத்தைத் தப்பாகக் காட்டும், முன்னால் தள்ளிக் கேட்கும்போது எங்கோ போய் நிற்கும். 'கான்ஸ்டன்ட்' என்பதையே எடுங்கள். ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதுதான் சாம்பிள் ரேட், அது 44,100 இருக்கட்டும். சிடிக்கு வைத்த அளவு அதுதான், எல்லாப் பிளேயருக்கும் பழக்கமானது.

கொஞ்சம் திருத்த வேண்டுமென்றால்

வீடியோ தொடக்கத்தில் "எடுத்தாச்சா, எடுத்தாச்சா" என்ற பேச்சு, முடிவில் போன் மேசையில் விழும் சத்தம், நடுவில் முழுக்க மின்விசிறி இரைச்சல். இதையெல்லாம் சரிசெய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் வீடியோவை நேரடியாகத் திறக்கக் கூடுதலாக ஒரு துணை மென்பொருள் போட வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி: விஎல்சியில் மூன்றாவது படியில் எம்பி3க்குப் பதில் 'ஆடியோ - சிடி' என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயரின் முடிவில் புள்ளி வைத்து, வேவ் ஃபைலுக்கான டபிள்யூ, ஏ, வி என்ற ஆங்கில எழுத்துகளைக் கொடுங்கள். வேவ் சுருக்கப்படாத ஒலி. நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் வரும், பயப்பட வேண்டாம், பிறகு அழித்துவிடலாம். எம்பி3 ஆக்கி, திருத்தி, மறுபடி எம்பி3 ஆக்கினால் இரண்டு முறை ஒலி தேயும். வேவில் திருத்தினால் தேய்வது ஒரே முறைதான்.

ஆடாசிட்டியில் வேண்டாத பகுதியை மவுஸால் இழுத்துக் காட்டி டிலீட் அழுத்தினால் போய்விடும். மின்விசிறிக்கு: யாரும் பேசாத, இரைச்சல் மட்டும் இருக்கும் ஒன்றிரண்டு வினாடியைத் தேர்ந்தெடுத்து, 'எஃபெக்ட்' மெனுவில் 'நாய்ஸ் ரிடக்ஷன்' போய் 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' கொடுங்கள். பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதே ஜன்னலைத் திறந்து ஓகே கொடுங்கள். குறைக்கும் அளவை 12 டெசிபலுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஏற்ற ஏற்ற இரைச்சல் போகும், கூடவே குரலின் மூச்சும் போய், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். அப்பத்தாவின் குரலில் ஒரு கரகரப்பு உண்டு. 20 டெசிபலில் அதுதான் முதலில் போனது. இரைச்சலைக் கொஞ்சம் அப்படியே விட்டுவிட்டேன்.

சத்தம் குறைவாக இருந்தால் 'நார்மலைஸ்' என்பதை மைனஸ் 1 டெசிபலில் கொடுங்கள். ஹெட்போனில் ஒரு காதில் மட்டும் கேட்கிறதென்றால், கேமராவில் மைக்கை ஒரு பக்கம் மட்டும் இணைத்திருக்கிறார்கள். ஸ்டீரியோவை இரண்டு தனித் தடமாகப் பிரித்து, வெறுமையான தடத்தை நீக்கிவிட்டு மோனோவாகச் சேமிக்கலாம். ஆனால் நாதஸ்வரம் மைக்குக்கு மிக அருகில் வாசிக்கப்பட்டு 'கர்' என்று உடைந்து பதிவாகியிருந்தால் அதைச் சரிசெய்ய முயன்று நேரத்தைச் செலவிடாதீர்கள். ஒலியின் உச்சி பதிவின்போதே வெட்டுப்பட்டுவிட்டது.

எல்லாம் முடிந்ததும் 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' போய் எம்பி3, கான்ஸ்டன்ட், வேண்டிய பிட்ரேட் கொடுத்துச் சேமியுங்கள்.

கல்யாண சிடியும் டிவிடியும்

2000க்குப் பிறகான கல்யாணங்கள் பல வீடுகளில் பீரோவுக்குள் வட்டத் தட்டாகக் கிடக்கின்றன. அதைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். கோடு விழுந்தபின், பூஞ்சை பிடித்தபின் வருத்தப்பட்டுப் பயனில்லை. மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவை யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம்.

விசிடி என்றால் உள்ளே 'எம்பெக் ஏவி' என்ற ஃபோல்டர் இருக்கும், அதில் டிஏடி என்று முடியும் பெரிய ஃபைல்தான் வீடியோ. டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரில் விஓபி என்று முடியும் ஃபைல்கள், ஒவ்வொன்றும் 1 ஜிபி வரை. இவற்றை முதலில் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துவிட்டு, மேலே சொன்ன அதே வழியில் விஎல்சியில் மாற்றலாம். விஓபி ஃபைல்கள் ஒரே நிகழ்ச்சியின் துண்டுகள், அதனால் ஒவ்வொன்றாக மாற்றி 01, 02 என்று எண் கொடுங்கள்.

ஒரு மனக்குறை. அந்தக் காலக் கல்யாண வீடியோக்களில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார்கள். அன்றைய மண்டபத்துச் சத்தம், தாத்தாவின் ஆசீர்வாதம், அத்தைமாரின் கேலிப் பேச்சு எல்லாம் அதற்கு அடியில் போய்விட்டது. கலந்துவிட்ட பாட்டை முழுக்கப் பிரித்தெடுக்க முடியாது. வீடியோ எடுத்தவர் இன்னும் ஊரில் இருந்தால், எடிட் செய்யாத மூலப் பதிவு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இனி வீட்டில் நடக்கும் விசேஷத்துக்கு அதை முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

போனிலேயே செய்யலாமா?

ஐபோனில் 'ஷார்ட்கட்ஸ்' செயலியில் 'என்கோட் மீடியா' என்ற செயலைச் சேர்த்து, 'ஆடியோ ஒன்லி' என்பதை இயக்கினால் ஒலி தனியாக வந்துவிடும். அதுவும் எம்4ஏதான். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே செயலிகள் நிறைய உண்டு. எதை நிறுவினாலும் அது என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். ஒலி பிரிக்கும் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்களும் இருப்பிடமும் எதற்கு? கேட்டால் நீக்கிவிடுங்கள்.

ஆன்லைனில் வீடியோவை ஏற்றினால் எம்பி3 தரும் தளங்களை நான் வீட்டு வீடியோக்களுக்குப் பயன்படுத்துவதில்லை. குழந்தையின் முகமும் வீட்டின் உள்பக்கமும் இருக்கும் படத்தை, யாருடையது என்றே தெரியாத கம்ப்யூட்டருக்கு ஏன் அனுப்ப வேண்டும்? கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரின் லேப்டாப்பில் பத்து நிமிடம் உட்கார்வதே நல்லது.

பென் டிரைவில் போடும்போது

ஃபைல் சரியாக இருந்தும் பெட்டி பாடாமல் போவது இந்த இடத்தில்தான். பழைய ஸ்பீக்கர்களும் கார் ஸ்டீரியோக்களும் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். பென் டிரைவ் மேல் வலது பக்கம் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் எந்த முறை என்று தெரியும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்று இருந்தால், உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு ஃபேட்32 என்று ஃபார்மேட் செய்யுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே எதுவும் மிஞ்சாது. 16 அல்லது 32 ஜிபி பென் டிரைவ் போதும். அதைவிடப் பெரியது என்றால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் ஃபேட்32 என்ற தேர்வையே காட்டாமல் போகலாம்.

பாட்டு வரிசை மாறிப் பாடுகிறதென்றால், பல பெட்டிகள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, காப்பி ஆன வரிசையில்தான் பாடும். 01, 02 என்று பெயர் வைத்து, காலியான பென் டிரைவில் ஒவ்வொன்றாக அதே வரிசையில் காப்பி செய்யுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்காதீர்கள்.

காப்பி முடிந்ததும் சட்டென்று உருவாமல் 'எஜெக்ட்' கொடுத்து எடுங்கள். பிறகு எந்தப் பெட்டியில் கேட்கப் போகிறார்களோ அதிலேயே செருகி, தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அம்மாவுக்குக் கொடுத்த பென் டிரைவில் தாலாட்டை மட்டும் 01 என்று வைத்து, வேறு எதையும் போடவில்லை. பெட்டியைப் போட்டதும் தேடாமல் அதுவே தொடங்கிவிடுகிறது, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பாடுகிறது.